இயற்கை ஓவியர் யோன் கொன்ஸ்டபிள்

முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பது பழமொழி. நாள்தோறும் கண்ணிற் படும் பொருளைக் கண் காண்பதில்லை. காலடியிற் கிடக்கும் அழகைக் கால் மிதித்துச் செல்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நாட்டு ஓவியர் பலரும் இந்நிலையிலேயே இருந்தனர். நிலக்காட்சி வரைய விரும்பியோர் இத்தாலி நாட்டுக்குப் பயணமாயினர். உரோமானியரின் இடிந்த மண்டபங்கள், பழங்காலத் தேவதைகள் உலவும் சோலைகள், பொன்னொளி படர்ந்த மாலை வானம் என்பனவே ஓவியத்துக்கு உகந்த பொருள்களெனக் கருதப்பட்டன. அக்காலத்திலே, தன் தந்தையின் மாவரைக்கும் ஆலையையும், அதனருகே ஓடும் சிற்றாற்றையும், அவ்வாற்றங்கரையில் நின்ற முதிய மரங்களையும் வாழ்நாள் முழுவதும் வரைந்த ஒருவர் இருந்தார். அவரே யோன் கொன்ஸ்டபிள் என்பவர். ஆலைக் குளமும் சேற்று வழியும் உயர்ந்த கலைக்குப் பொருளாகுமா என்னும் வினாவுக்கு அவருடைய வாழ்க்கை முழுவதுமே விடையாக அமைந்தது. அவ்விடைக்காக அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சபோக் என்னும் மாகாணம் உண்டு. அதன் தெற்கு எல்லையாக ஸ்ரூர் என்னும் ஆறு ஓடுகின்றது. அவ்வாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஈஸ்ற் பேர்கோல்ற் என்னும் கிராமத்திலே 1776ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆம் நாள் கொன்ஸ்டபிள் பிறந்தார். தந்தையார் கோல்டிங் கொன்ஸ்டபிள் வசதி படைத்த தானிய வணிகர். பிளற்போட் என்னுமிடத்திலும் டெடம் என்னுமிடத்திலும் அவருக்கு நீராற் சுழலும் ஆலைகள் இருந்தன. கிராமத்து மேட்டு வெளியிலே காற்றாலையும் இருந்தது. ஸ்ரூர் ஆறு இயற்கையாக ஓடும் ஆறு மட்டுமன்று. படகுகள் செல்வதற்கு ஏற்றவாறு ஆங்காங்கே மடைக்கதவுகள் அமைத்துத் திருத்தப்பட்ட நீர்வழியும் ஆகும். கரையோரமாகக் குதிரைகள் கயிற்றால் இழுத்துச் செல்ல, மாவும் தானியமும் ஏற்றிய படகுகள் அவ்வழியே சென்றன. அங்கிருந்து கடல்வழியாக இலண்டன் மாநகரை அடைந்தன. கொன்ஸ்டபிளின் ஓவியங்களில் வரும் மடைக்கதவு, படகு, இழுவைக் குதிரை, ஆலைச் சக்கரம் யாவும் அவருடைய குடும்பத்தின் பிழைப்புக்கு உரிய கருவிகளே. பிறர் அழகுக்காகத் தேடிச் சென்று கண்ட காட்சிகளை அவர் தொழிலாக அறிந்திருந்தார்.

மூத்த மகன் தொழிலை நடத்தும் நிலையில் இல்லாமையால், இரண்டாம் மகனான யோன் தமக்குப் பின் ஆலைகளைப் பொறுப்பேற்பார் எனத் தந்தையார் எண்ணினார். டெடம் நகரத்துப் பாடசாலையிற் கல்வி முடிந்தபின் இளைஞர் ஆலையில் வேலை பழகினார். காற்றாலை நடத்துவோன் எப்பொழுதும் வானத்தில் ஒரு கண் வைத்திருத்தல் வேண்டும். காற்று எத்திசையிலிருந்து எழுகின்றது, முகில் எவ்விரைவில் நகர்கின்றது, மழை எப்பொழுது வரும் என்பவற்றை அறியாதவன் ஆலையின் சிறகுகளை உரிய வேளையில் திருப்பவோ நிறுத்தவோ இயலாது. இந்தப் பயிற்சியே பிற்காலத்தில் அவருடைய கலைக்குப் பெருந்துணையாயிற்று. தொழிலைப் பின்னர் ஏற்று நடத்திய தம்பி ஏபிரகாம், யோன் வரைந்த ஆலையைப் பார்த்தால் அது சுழலக்கூடிய ஆலை என்பது தெரியும், பிறர் வரைந்த ஆலைகளில் அதனைக் காண முடிவதில்லை என்னும் கருத்துப்படக் கூறினாராம். ஓவியருக்குக் கிடைத்த பாராட்டுக்களில் இதனினும் உண்மையானது வேறில்லை எனலாம்.

அக்கிராமத்திலே டன்தோர்ண் என்னும் குழாய் வேலைக்காரர் ஒருவர் வாழ்ந்தார். ஓய்வு நேரங்களில் அவர் வெட்டவெளியில் நின்று ஓவியம் வரைவார். அவருடன் கூடி இளைஞரும் வயல்வெளிகளுக்குச் சென்று வரைந்து பழகினார். அக்காலத்திலேயே சேர் ஜோர்ஜ் போமன்ற் என்னும் கலை ஆர்வலரின் அறிமுகமும் கிட்டியது. பிரபுவான அவர், பதினேழாம் நூற்றாண்டின் பெரும் ஓவியரான குளோட் லொறேன் வரைந்த சிறிய ஓவியமொன்றைப் பயணங்களிலும் தம்முடன் எடுத்துச் செல்லும் வழக்கமுடையவர். அவ்வோவியத்தைக் கண்ட இளைஞரின் உள்ளத்தில் ஓவியராகும் ஆவல் வேரூன்றியது. மகனின் மனத்தை மாற்ற முடியாதென உணர்ந்த தந்தையார், மனமின்றியே இசைந்து சிறு உதவிப் பணமும் கொடுத்து அனுப்பினார். 1799இல் இலண்டன் அரச கலைக்கழகத்தின் பயிற்சிக் கூடத்திற் கொன்ஸ்டபிள் மாணவராகச் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 22.

1802இல் அவருடைய வாழ்க்கையில் முக்கியமான தீர்மானம் ஒன்று பிறந்தது. அவ்வாண்டில் அவருடைய ஓவியம் முதன்முறையாக அரச கலைக்கழகத்தின் கண்காட்சியில் இடம்பெற்றது. இராணுவக் கல்லூரி ஒன்றிலே சித்திர ஆசிரியர் பதவியும் அவரைத் தேடி வந்தது. நிலையான ஊதியமும் மதிப்பும் உடைய அப்பதவியை அவர் மறுத்துவிட்டார். அவ்வாண்டிலேயே டன்தோர்ணுக்கு எழுதிய கடிதத்தில், கடந்த இரண்டாண்டுகளாகப் பிறர் வரைந்த ஓவியங்களின் பின்னால் ஓடி உண்மையை இரண்டாங் கையாகத் தேடிவந்ததாகவும், இனி ஊருக்குத் திரும்பி இயற்கையிடமே நேரிற் பாடம் கேட்கப் போவதாகவும் தெரிவித்தார். இயற்கையை உள்ளவாறு வரையும் ஓவியனுக்கு நாட்டிலே இடமுண்டு என்பது அவருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கையை உலகம் ஏற்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

உலகம் ஏன் தயங்கிற்று? அக்காலக் கலை மரபிலே ஓவியங்களுக்கும் குலவேற்றுமை இருந்தது. வேத வரலாறும் பண்டைய வீர வரலாறும் கூறும் ஓவியங்கள் மேற்படியில் இருந்தன. நிலக்காட்சி கீழ்ப்படியில் நின்றது. நிலக்காட்சியிலும் பச்சை நிறம் வரவேற்கப்படவில்லை. பழைய ஓவியங்களிற் பூசப்பட்ட மெருகெண்ணெய் ஆண்டு செல்லச் செல்லக் கறுத்துப் பழுப்பாகும். அந்தப் பழுப்பையே கலையின் நிறமென மக்கள் மயங்கினர். போமன்றும் இக்கொள்கையினரே. பழைய வயலின் வாத்தியத்தின் நிறமே ஓவியம் முழுவதிலும் ஊடுருவி நிற்றல் வேண்டுமென ஒருநாள் அவர் வற்புறுத்த, கொன்ஸ்டபிள் மறுமொழி கூறாது, ஒரு பழைய வயலினை எடுத்துச் சென்று வீட்டின் முன்னிருந்த பசும்புற்றரையின்மீது வைத்தார் என அவருடைய வரலாற்றை எழுதிய லெஸ்லி கூறுகின்றார். புல்லின் நிறம் எது, வயலினின் நிறம் எது என்பதை அங்கே எவரும் காணலாம். வாதத்துக்கு அதன்மேல் இடமில்லை.

ஆயினும் ஒரு நிறத்தை மாற்றிப் பூசுவதால் மட்டும் இயற்கை ஓவியத்துள் வந்துவிடாது. ஓர் இலையின் பச்சை வேறு, அதன் புறத்தின் பச்சை வேறு. மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. கொன்ஸ்டபிள் ஒரே மரத்தினுட் பல பச்சைகளை அடுத்தடுத்து இட்டார். ஒளி பட்டு மின்னும் ஈர இலைக்காக வெண்மையான சிறு புள்ளிகளைத் தெளித்தார். அப்புள்ளிகளைக் கண்ட திறனாய்வாளர், இது கொன்ஸ்டபிளின் பனி என எள்ளி நகையாடினர். சுவிற்சலாந்திலிருந்து வந்து இலண்டனில் வாழ்ந்த பியூசெலி என்னும் ஓவியரோ, கொன்ஸ்டபிளின் ஓவியங்களைக் காணச் செல்லும்பொழுது குடை கேட்பாராம். நகைச்சுவையாகக் கூறப்பட்டதாயினும், அந்த ஓவியங்களில் மழையின் ஈரம் உண்மையாகவே இருந்தது என்பதற்கு அஃது நற்சான்று.

அவர் வேலை செய்த முறையும் அறியத்தக்கது. கோடைகாலத்தில் ஊருக்குச் சென்று, சிறிய வண்ணப் பெட்டியை மடியில் வைத்து, அதன் மூடியிற் கடதாசித் துண்டைப் பொருத்தி, வெட்டவெளியிலேயே எண்ணெய் வண்ணத்தால் விரைவாக வரைவார். சட்டைப்பையில் அடங்கும் சிறு கொப்பிகளில் பென்சிலாற் குறிப்புகள் எடுப்பார். 1813, 1814ஆம் ஆண்டுகளில் அவர் நிறைத்த இரு கொப்பிகள் இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிற் பாதுகாக்கப்பட்டுள்ளன. பிளற்போட் ஆலையருகே படகு கட்டும் காட்சியைச் சித்திரிக்கும் ஓவியத்தை, 1814ஆம் ஆண்டுக் கோடையில் ஏறத்தாழ முழுவதும் வெளியிலே நின்று வரைந்து, அடுத்த ஆண்டிற் காட்சிக்கு வைத்தார். இச்சிறு வரைவுகளே பிற்காலத்திற் பேரோவியங்களுக்கு விதைநெல்லாயின.

ஆனால் விதைநெல்லை வைத்திருப்பவனுக்கு அன்றாடச் சோறு வேண்டுமே! முப்பத்தெட்டு வயதுவரையில் அவருடைய நிலக்காட்சிகளை, அறிமுகமில்லாதோர் எவரும் விலைகொடுத்து வாங்கவில்லை. அயலவர்களின் உருவப்படங்களை வரைந்து அவர் காலங் கழித்தார். 1814ஆம் ஆண்டளவில் அல்நற் என்னும் வணிகர் முதன்முதலாக ஓர் ஓவியத்தை வாங்கினார். அவரும் அதிலிருந்த வானம் பிடிக்காமையால், வேறோர் ஓவியரைக் கொண்டு அதனை மாற்றி எழுதுவித்தார்! பின்னர் மனம் மாறி, பழைய வானத்தையே மீட்டுத் தருமாறு கொன்ஸ்டபிளிடம் அதனைக் கொடுத்தார். கொன்ஸ்டபிள் கோபிக்கவில்லை. புதிதாகவே ஓர் ஓவியத்தை வரைந்து கொடுத்து, அதற்குப் பணம் பெறவும் மறுத்தார். அறிமுகமற்ற ஒருவர் தம் ஓவியத்தை விரும்பி வாங்கியதே தம்மை ஓவியராக்கியது என்பது அவர் கூறிய காரணம்.

இவ்வறுமை அவருடைய இல்வாழ்க்கையையும் தடுத்தது. ஊரின் மதகுருவான கலாநிதி றட் என்பவருக்கு மரியா பிக்னெல் என்னும் பேர்த்தி இருந்தாள். 1809இல் இருவரிடையே காதல் அரும்பிற்று. செல்வமும் செருக்கும் உடைய பாட்டனார், வருவாயற்ற ஓவியனை மணந்தால் தம் சொத்தில் மரியாவுக்குப் பங்கில்லை என அச்சுறுத்தினார். மரியாவும் வறுமையில் இறங்க அஞ்சினாள். வறுமை கலைக்கும் துணையாகாது என அறிவுரை எழுதினாள். ஏழாண்டுகள் கடிதங்களிலேயே கழிந்தன. 1816இல் தந்தையார் காலமாக, குடும்பச் சொத்திற் கொன்ஸ்டபிளுக்கும் பங்கு கிடைத்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 2ஆம் நாள் இலண்டனில் அவர்கள் மணம் புரிந்தனர். மணவினையை நடத்தி வைத்தவர் யோன் பிஷர் என்னும் இளங்குரு. கொன்ஸ்டபிளுக்கு வாழ்நாளில் வாய்த்த நண்பருள் முதன்மையானவர் இவரே. மணமகனுக்கு அப்பொழுது வயது 40.

இல்வாழ்க்கை தந்த ஊக்கத்தால் அவருடைய கலையும் விரிந்தது. சிறிய ஓவியங்கள் கண்காட்சிச் சுவரிற் கவனிக்கப்படாமற் போவதை உணர்ந்த அவர், ஆறடி நீளமான பெரிய துணிகளில் தம் ஆற்றங்கரைக் காட்சிகளை வரையத் துணிந்தார். வரலாற்று ஓவியங்களுக்கே உரியதென எண்ணப்பட்ட அளவை, படகுக் குதிரைக்கும் மடைக்கதவுக்கும் அவர் கொடுத்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும். 1819இல் வெண்குதிரை என்னும் முதல் ஓவியம் காட்சிக்கு வந்தது. அதனை 100 கினி கொடுத்து வாங்கியவர் நண்பர் பிஷர். அவ்வாண்டிலேயே கலைக்கழகம் அவரைத் துணை உறுப்பினராக்கியது. இப்பேரோவியங்கள் ஒவ்வொன்றுக்கும் அவர் அதே ஆறடி அளவில் முன்வரைவு ஒன்றையும் எழுதினார். ஒரே ஓவியத்தை இருமுறை எழுதும் இவ்வுழைப்பு அக்காலத்தில் எவரும் மேற்கொள்ளாதது. கத்தியாலும் தூரிகையாலும் வண்ணத்தை வீசியெறிந்தாற்போல் அமைந்த அம்முன்வரைவுகளை, முடிந்த ஓவியங்களினும் மேலாக மதிப்போர் இக்காலத்தில் உளர்.

அவ்வரிசையில் மூன்றாவதாக 1821இல் வெளிவந்ததே உலகப் புகழ்பெற்ற வைக்கோல் வண்டி. நேயர்கள் அவ்வோவியத்தை மனக்கண்முன் நிறுத்திக் காண்பார்களாக. நீளம் ஆறடிக்குச் சிறிது மேல். உயரம் நாலேகால் அடி. இடப்புறத்திலே செங்கூரையும் வெண்சுவரும் உடைய ஒரு வீடு. அது வில்லி லொற் என்னும் கமக்காரருடையது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவர், நான்கு இரவுகள் மட்டுமே அவ்வீட்டை விட்டு வெளியே உறங்கினார் எனக் கூறுவர். வீட்டின் முன் ஆழமற்ற நீரிலே ஒரு வெறும் வண்டி நிற்கின்றது. சிவந்த சேணம் பூண்ட மூன்று குதிரைகள். வண்டியின்மீது இரு மனிதர். கரையிலே ஒரு நாய் அவர்களைப் பார்த்து நிற்கின்றது. வீட்டருகே ஒரு பெண் நீர்த்துறையிற் குனிந்திருக்கின்றாள். வலப்புறத்தே நாணற் புதரிடையே ஒரு படகும் மீன்பிடிப்போன் ஒருவனும். அப்பால் வெயில் விழுந்த புல்வெளி; அங்கே, ஊன்றிப் பார்த்தால் மட்டுமே தெரியுமளவில், புல் அரிவோரும் பாரம் ஏற்றிய இன்னொரு வண்டியும். மேலே, பெரும் பரப்பை நிறைத்து, மழையையும் வெயிலையும் ஒருங்கே சுமந்து செல்லும் முகிற்கூட்டம். வண்டி நீருள் இறங்கியதேன் என்பதற்கும் விளக்கம் உண்டு. ஆற்றைக் கடந்து புல்வெளிக்குச் செல்லும் வழி அது. வெயிலில் உலர்ந்து சுருங்கிய மரச்சக்கரங்கள் நீரில் ஊறி, இரும்பு வளையத்தோடு இறுகுவதற்காகவும் நீரில் நிறுத்துவர் என்பர்.

இவ்வோவியம் கண்காட்சியில் வைக்கப்பட்ட பொழுது அதற்கிடப்பட்ட தலைப்பு, நிலக்காட்சி: நண்பகல் என்பதே. நாளின் ஒரு பொழுது, அப்பொழுதின் ஒளி, அதுவே அவர் வரைய எண்ணிய பொருள். வண்டி அதற்குப் பின்வந்தது. இலண்டனில் இருந்து பனிக்காலத்தில் அதனை வரைந்த அவருக்கு, வண்டியின் அமைப்பு திட்டமாக நினைவில் இல்லை. ஆகவே ஊரிலிருந்த டன்தோர்ணின் மகனைக் கொண்டு ஒரு வண்டியை வரைவித்துத் தம்பி ஏபிரகாம் அனுப்பி வைத்தார். ஒரு வண்டியின் மரச்சட்டம் பிழையாக இருத்தலாகாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறை அத்தகையது.

இலண்டனில் அவ்வோவியம் விலைபோகவில்லை. ஆனால் அதனைக் கண்ட பிரெஞ்சுக்காரர் சிலர் வியந்தனர். பாரிசில் வணிகம் நடத்திய ஆறோஸ்மித் என்பவர், அதனையும் வேறு இரண்டையும் சேர்த்து 250 பவுணுக்கு வாங்கிச் சென்றார். 1824ஆம் ஆண்டுப் பாரிசு மாபெருங் கண்காட்சியில் அவை தொங்கவிடப்பட்ட பொழுது பெரும் பரபரப்பு உண்டாயிற்று. பனித்துளியும் ஈரக் காற்றும் ஓவியத்துள் எவ்வாறு புகுந்தன எனக் கலைஞர்கள் வியந்து நின்றனர். இளம் ஓவியரான டெலக்குருவா, தாம் கண்காட்சிக்கு அனுப்பிய பேரோவியத்தின் சில பகுதிகளை, கொன்ஸ்டபிளின் ஓவியங்களைக் கண்டபின் திருத்தி எழுதினார் என்பது பிரெஞ்சுக் கலை வரலாற்றிற் பேசப்படும் செய்தி. பத்தாம் சாள்ஸ் மன்னன் கொன்ஸ்டபிளுக்குப் பொற்பதக்கம் வழங்கினான். அதனைப் பெறுவதற்கும் அவர் பிரான்சு செல்லவில்லை. தம் நாட்டை விட்டு ஒருநாளும் அவர் வெளியே சென்றதில்லை. பிறந்த மண்ணைத் தாண்டாத ஓவியரின் புகழ், கடலைத் தாண்டிய பின்னரே பிறந்த மண்ணுக்குத் திரும்பியது.

அவருடைய வானத்தைப் பற்றித் தனியே கூறுதல் தகும். மரியாவின் உடல் நலத்தின் பொருட்டுக் குடும்பம் இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஹாம்ஸ்ரெட் என்னும் மேட்டுநிலத்தில் தங்கியது. 1821இலும் 1822இலும் அங்கே நின்று, முகில்களை மட்டுமே பொருளாகக் கொண்டு அவர் வரைந்தார். 1822ஆம் ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலுமாக ஏறத்தாழ 50 வான ஓவியங்கள் தேறின. அவற்றுட் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை, வானிலை என்பன குறிக்கப்பட்டன. லூக் ஹவார்ட் என்பார் 1802இலேயே முகில்களை வகைப்படுத்தி இலத்தீன் பெயர்களைச் சூட்டியிருந்தார். அக்கொள்கையை ஆராய்ந்த வானிலை நூலொன்றைக் கொன்ஸ்டபிள் வாங்கிப் படித்து, அதன் ஓரங்களிற் குறிப்புகளும் எழுதினார். வானம் என்பது நிலக்காட்சியின் பின்னே தொங்கும் வெள்ளைத் திரையன்று. நிலத்தின்மீது விழும் ஒளி முழுவதற்கும் பிறப்பிடம் அதுவே என்பது அவருடைய கொள்கை. முகில் நகர்ந்தால் வயலின் நிறம் மாறுகின்றது. ஆகவே வானத்தைப் பிழையாக வரைந்தவன் நிலத்தையும் பிழையாகவே வரைகின்றான். காற்றாலையில் நின்று கற்ற பாடம் இவ்வாறு கலைக்கொள்கையாக முதிர்ந்தது.

அவர் வரைந்த கிராமம் அமைதி நிறைந்தது. உண்மையில் அக்காலக் கிராமம் அவ்வளவு அமைதியாக இருந்ததா? நெப்போலியனுடன் நடந்த போர் 1815இல் முடிந்தபின் தானிய விலை வீழ்ந்தது. கூலியும் வேலையும் குறைந்தன. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியாருக்கு உரியனவாயின. பேர்கோல்ற் கிராமத்துப் பொதுவெளியும் தப்பவில்லை. 1822இல் கிழக்கு மாகாணங்களிற் பசித்த கூலிமக்கள் இயந்திரங்களை உடைத்தனர். வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டனர். இரவுதோறும் அருகிலோ தொலைவிலோ தீ எரிவதைத் தம் தம்பி காண்பதாகக் கொன்ஸ்டபிளே பிஷருக்கு எழுதினார். அத்தீ அவருடைய ஓவியத்தில் எங்குமே இல்லை. அவர் ஆலை முதலாளியின் மகன்; பழைய ஒழுங்கு குலையாதிருக்க விரும்பியவர்; பாராளுமன்றச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர். புல் அரிவோர் அவருடைய ஓவியத்திலே தொலைவிற் சிறு புள்ளிகளாகவே நிற்கின்றனர். அவர்களுடைய முகத்தை அவர் நமக்குக் காட்டவில்லை. இக்குறையைப் பிற்காலத் திறனாய்வாளர் சுட்டியுள்ளனர். அது நேர்மையான குற்றச்சாட்டே. ஆயினும், அரசரும் தேவதைகளும் மட்டுமே நிறைந்திருந்த சுவரிலே வண்டிக்காரனுக்கும் படகோட்டிக்கும் இடம் பெற்றுக் கொடுத்தவரும் அவரே என்பதையும் மறத்தலாகாது. இரண்டையும் சேர்த்தே அவரை அளத்தல் வேண்டும்.

1828ஆம் ஆண்டு அவருக்கு இருளாக விடிந்தது. மாமனார் விட்டுச் சென்ற 20,000 பவுண் வரையிலான சொத்தினால் வறுமை நீங்கியது. ஆனால் எவருக்காக அச்செல்வம் வேண்டியிருந்ததோ அவர் நீங்கிவிட்டார். காசநோயால் நலிந்த மரியா, ஏழாவது குழந்தையைப் பெற்ற அவ்வாண்டிலேயே, நவம்பர் 23ஆம் நாள் உயிர் நீத்தார். அன்றுமுதல் கொன்ஸ்டபிள் தம் வாழ்நாள் முழுவதும் துயருடையே அணிந்தார். மூன்று மாதங்களின் பின் 1829 பெப்ரவரியில், அரச கலைக்கழகம் அவரை முழு உறுப்பினராகத் தெரிவு செய்தது. அதுவும் ஒரேயொரு வாக்கு மேலதிகத்தால். அவருக்கு ஓராண்டே மூத்தவரான ரேணர் 26 வயதிற் பெற்ற சிறப்பை அவர் 52 வயதிற் பெற்றார். பகிர்ந்து மகிழ எவருமில்லாத வேளையில் அது வந்தது. அவ்வாண்டில் அவர் காட்சிக்கு வைத்த ஹட்லி கோட்டை என்னும் ஓவியத்தில் இடிந்த கோபுரமும், புயல் ஓய்ந்த காலை வானமும், கடற்கரையும் உள்ளன.

முழு உறுப்பினரானபின் நடந்த நிகழ்ச்சி ஒன்று அவருடைய இயல்பை நன்கு காட்டும். 1830இற் கண்காட்சிக்கு வந்த ஓவியங்களைத் தேரும் குழுவில் அவரும் அமர்ந்திருந்தார். சோல்ஸ்பரியை அடுத்த புல்வெளியைக் காட்டும் சிறிய ஓவியமொன்று கொண்டுவரப்பட்டது. எவருடையது என அறியாத குழுவினர், அருவருப்பான பச்சை எனக் கூறித் தள்ளினர். அது கொன்ஸ்டபிளின் ஓவியமே. உண்மை தெரிந்ததும் அவர்கள் நாணித் தம் முடிவை மாற்ற முன்வந்தனர். அவர் இசையவில்லை, ஒருமுறை தள்ளப்பட்டது தள்ளப்பட்டதாகவே இருக்கட்டும் என அதனைத் திருப்பி எடுத்துச் சென்றார். அந்தப் பச்சைக்காகவே முப்பதாண்டுகள் போராடியவர் அவர். இன்று அவ்வோவியம் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையை அணிசெய்கின்றது.

1831இல் வெளிவந்த சோல்ஸ்பரிப் பேராலய ஓவியத்திலே, கரும்புயலின் நடுவே உயர்ந்து நிற்கும் கோபுரத்தை வானவில் வளைத்து நிற்கின்றது. அவ்வோவியத்தை வரையுமாறு தூண்டிய பிஷர் அடுத்த ஆண்டிற் காலமானார். அவ்வோவியத்தை 2013இல் ரேற் ஓவியக்கூடம் 231 இலட்சம் பவுண் கொடுத்து நாட்டுக்காக வாங்கியது. வாழ்ந்த காலத்தில் நண்பரின் 100 கினியை நம்பியிருந்தவரின் ஓவியம் அது.

1836ஆம் ஆண்டு இலண்டன் றோயல் நிலையத்திலே, நிலக்காட்சி ஓவியத்தின் வரலாறு பற்றிக் கொன்ஸ்டபிள் நான்கு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற அம்மண்டபத்தில் நின்று, ஓவியமும் ஒரு விஞ்ஞானமே, அது இயற்கையின் விதிகளை ஆராயும் முயற்சி, ஒவ்வோர் ஓவியமும் அதற்கான சோதனை என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். 1837 மார்ச் 31ஆம் நாள் இரவு, அறுபதாவது வயதில், திடீரென அவர் இறந்தார். அன்று பகல்வரையில் அவர் எழுதிக்கொண்டிருந்தது ஓர் ஆலையின் ஓவியம். ஆலையிற் பிறந்த கலை ஆலையிலேயே முடிந்தது. ஹாம்ஸ்ரெட் ஆலய முற்றத்திலே மரியாவின் அருகில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவ்வாண்டிலேயே நண்பர்கள் பணந் திரட்டி, கோதுமை வயல் என்னும் அவருடைய ஓவியத்தை வாங்கித் தேசிய ஓவியக்கூடத்துக்கு வழங்கினர். பணம் கொடுத்தோருள் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த்தும் விஞ்ஞானி பரடேயும் இருந்தனர். வைக்கோல் வண்டி 1886இல் அதே கூடத்தை அடைந்தது. அவருடைய மகள் இசபெல் 1888இல் தந்தையாரின் நூற்றுக்கணக்கான வரைவுகளை நாட்டுக்கு அளித்தார். அவற்றின் பின்னரே உலகம் அந்த வான ஓவியங்களையும் வெட்டவெளி வரைவுகளையும் முழுமையாக அறிந்தது. பிரான்சிலே பார்பிசோன் கிராமத்து ஓவியர் அவருடைய வழியைப் பின்பற்றினர். 1870ஆம் ஆண்டுப் போரினால் இலண்டனிற் புகலடைந்த மொனேயும் பிசாரோவும் அவருடைய ஓவியங்களையும் ரேணருடையவற்றையும் கூர்ந்து நோக்கினர். ஒளியின் கணநேரத் தோற்றத்தையே பொருளாகக் கொண்ட புதிய ஓவிய மரபு சில ஆண்டுகளில் அவர்களாற் செழித்தது.

பிளற்போட் ஆலையும் வில்லி லொற்றின் வீடும் இன்றும் அவ்வாற்றங்கரையில் நிற்கின்றன. ஆண்டுதோறும் உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் சென்று அவற்றைக் காண்கின்றனர். செல்வோர் பலர், இவ்வளவு சிறிய இடமா என வியப்பதுண்டு. ஆம், அது சிறிய இடந்தான். ஆறு குறுகியது, நீர் ஆழமற்றது, வீடு எளியது. அதனினும் அழகிய ஆறுகள் உலகில் எத்தனையோ உள. ஆனால் அவ்வாறுகளின் கரையில், ஒரே இடத்தை நாற்பதாண்டுகள் சலியாது பார்த்த இரு கண்கள் இருக்கவில்லை. ஏற்றந் தரும் பொருளை நாடி எங்கெங்கோ அலையும் கலைஞனுக்கும், தன் ஊரில் ஒன்றுமில்லையென ஏங்கும் இளைஞனுக்கும் கொன்ஸ்டபிளின் வாழ்க்கை விடுக்கும் செய்தி எளியது: முற்றத்து முல்லைக்கும் மணமுண்டு, அருகிற் சென்று முகர்வோர்க்கே அது புலப்படும்.